செல்விக்கு அம்மா எழுதுவது

பாளையங்கோட்டை
ஞாயிறு மதியம்

அன்பு மகள் செல்விக்கு,

நலம், நலமறிய ஆவல். வாரம் தவறாமல் வீடியோவில் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்ததும் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலி இழுத்து உட்கார்ந்துகொள்கிறார். அதன்பிறகு நான் சாப்பிட்டாயா, குளிரா என்று கேட்பதோடு சரி. இதை அவர் சாப்பிட்டுத் தூங்கும் நேரம் பார்த்து எழுதுகிறேன். பார்சலில் பருப்புப்பொடி டப்பாவுக்கு அடியில் வைப்பேன். டப்பாவை எடுக்கும்போது கவனித்து எடு.

போன வாரம் நீ டீ கப்பை எடுக்கக் கை நீட்டினாயே, அப்போது ஸ்வெட்டர் மேலே ஏறியது. இடது முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஊதா, ஓரத்தில் மஞ்சள். நீ சட்டென்று இழுத்து மூடிக்கொண்டாய். அப்பா கவனிக்கவில்லை, உன் முகம் மெலிந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். எனக்குத் தெரியாமல் போகுமா? சர்வீஸ் முழுக்க ஊசி குத்தின கை இது. மஞ்சள் பூத்திருந்தால் ஐந்தாறு நாள் ஆகியிருக்கும்.

ரத்தம் எடுத்தால் பஞ்சை வைத்து அஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. கையை மடக்கி வைத்துக்கொண்டால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அதனால்தான் உள்ளே கசிந்து இப்படிக் கன்றிப்போகிறது. அந்த நாட்டில் இதையெல்லாம் சொல்லித்தர மாட்டார்களா?

லேபில் ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் ரத்தமும் வேண்டும், அதற்குக் கொடுத்தேன் என்பாய். நீதானே ஒருநாள் சொன்னாய், சொந்தச் செல்லை யாரும் தாமே வளர்க்கக் கூடாது, அது விதி என்று. கை தவறி உள்ளே ஏறிவிட்டால் நம் உடம்பு அதை வேற்றாளாக நினைத்து விரட்டாது, அதனால் ஆபத்து என்றாய். நீ சொன்ன எதையும் நான் மறப்பதில்லை.

நீ செய்கிற வேலையை நான் சரியாகத்தான் சொல்கிறேன். அப்பாதான் பால்காரர் வரைக்கும் 'மக லண்டன்ல ஹார்ட் டாக்டர்' என்று சொல்லிவைத்திருக்கிறார். ஊர் கேம்பிரிட்ஜ், அவள் ஆராய்ச்சி டாக்டர் என்று திருத்தினால் 'எல்லாம் ஒண்ணுதான்' என்கிறார். நேற்றுகூட எதிர்வீட்டு டீச்சருக்கு நான் விளக்கினேன். நுரையீரலுக்குப் போகிற ரத்தக்குழாயில் பிரஷர் ஏறுகிற நோய் வந்தவரின் ரத்தத்தை மெஷினில் சுற்றவிட்டு, நடுவில் மெல்லிசாக நிற்கும் வெள்ளைப் படலத்தை மட்டும் உறிஞ்சி எடுத்து, கொலாஜன் என்கிற புரதம் பூசின குப்பியில் விட்டு, 37 டிகிரி பெட்டிக்குள் வைப்பாள். ரெண்டு நாளைக்கொருதரம் செல்லுக்குச் சாப்பாடான அந்த ரோஸ் நிறத் தண்ணீரை மாற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை என்றெல்லாம் பார்க்க முடியாது. ரெண்டு மூணு வாரம் கழித்து, ரத்தக்குழாயின் உட்சுவர் செல் அங்கங்கே திட்டாக முளைக்கும். பெருகி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால், மொட்டை மாடியில் தட்டோடு பதித்த மாதிரி ஒரே வரிசையாக நிற்கும். சிலர் ரத்தத்தில் எத்தனை வாரம் காத்திருந்தாலும் ஒன்றுமே வராது. நோயாளியின் செல் நோயில்லாதவர் செல்லைவிட வேகமாகப் பெருகுகிறதாம், சாக வேண்டிய நேரத்தில் சாக மாட்டேன் என்கிறதாம் என்றேன். டீச்சர் வாயைத் திறந்துகொண்டு கேட்டாள்.

நுரையீரலிலிருந்தே எடுக்கலாமே என்று நான் கேட்டதற்கு, நுரையீரல் மாற்று ஆபரேஷன் நடந்தால்தான் அது கிடைக்கும், அதற்குள் நோய் முற்றியிருக்கும் என்றாய். இந்தச் செல்லை 1973ல் அமெரிக்காவில் தொப்புள்கொடி ரத்தக்குழாயிலிருந்து பிரித்து வளர்த்ததையும் நீதான் சொன்னாய். பிரசவ வார்டில் நான் எத்தனை கொடி அறுத்து வாளியில் போட்டிருப்பேன்! அன்றைக்குச் சிரித்தோம்.

இவ்வளவும் சொல்கிறவள், யாருடைய ரத்தம் எந்தக் குப்பியில் இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொல்கிறவள், தன் கையைப் பற்றிக் கேட்டால் மட்டும் 'நெட் சரியில்லைம்மா' என்கிறாய்.

சுப்பு அத்தைக்கு ஜன்னி கண்டது என்றுதான் அப்பா இன்றைக்கும் சொல்கிறார். அவர் எதிரில் நான் மறுத்துப் பேசுவதில்லை. பேசினால் 'எங்க வீட்டு ரத்தத்துல ஒரு குறையும் கிடையாது' என்று எழுந்து போய்விடுவார், ரெண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் அவளுக்கு மூச்சு வாங்கியது கர்ப்பமாவதற்கு முன்பே. தண்ணீர்க் குடத்தைப் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு நிற்பாள். ஆஸ்துமா என்று மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். கையில் கட்டிப் பார்த்தால் பிரஷர் சரியாகத்தான் காட்டும். நுரையீரலுக்குப் போகிற குழாயின் பிரஷர் கைக்கட்டில் எங்கே தெரியும்? எட்டாம் மாசம் உதடு நீலம் பாய்ந்து, கழுத்து நரம்பு புடைத்து, கால் வீங்கி நின்றபோதுதான் ஒரு டாக்டர் எக்கோ போட்டுப் பார்த்தார். நான் நர்ஸ் என்பதால் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இதயத்தின் வலது பக்கம் வீங்கிக் களைத்துவிட்டது, இந்த உடம்பு பிள்ளை சுமந்திருக்கவே கூடாது என்றார். முத்து பிறந்த பதினோராம் நாள் போய்விட்டாள். 1994 ஆவணி.

மறுவருஷம்தான் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்று முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது, அதுவும் பம்ப் வைத்து ராத்திரி பகலாக நரம்பில் ஏற்றுகிற மருந்து. குடும்பத்தில் இந்த நோயைக் கொண்டுவருகிற மரபணுவைக் கண்டுபிடித்தது 2000ல். இப்போது அப்படி இல்லை. 1988ல் ஜப்பானில் பன்றியின் ரத்தக்குழாய்ச் செல்லை வளர்த்து, அது ஊறின தண்ணீரிலிருந்துதானே குழாயை இறுக்குகிற எண்டோதீலினைப் பிரித்தெடுத்தார்கள்? பதிமூணே வருஷத்தில் அதைத் தடுக்கிற மாத்திரை வந்துவிட்டது. 2024ல் வந்ததே, மூணு வாரத்துக்கொரு தரம் தோலுக்கடியில் போடுகிற ஊசி, அதை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமாம். போட்டுவிட நான் இருக்கிறேன். ரிட்டையர் ஆனாலும் கை நடுங்கவில்லை.

நீ சொன்ன கணக்கைக் காலண்டர் பின்னால் குறித்துவைத்திருக்கிறேன். பி.எம்.பி.ஆர்.2 என்கிற அந்த மரபணுவில் கோளாறு இருக்கிற பெண்களில் நூற்றுக்குச் சுமார் 42 பேருக்குத்தான் ஆயுளில் எப்போதாவது நோய் வரும். ஆண்களில் 14. மீதி 58 பெண்களுக்கு வருவதே இல்லை. கோளாறு இருந்தாலும் வராமலே வாழ்ந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். அப்பாவைப் பார், எழுபது தாண்டியும் மாடிப்படியை நிற்காமல் ஏறுகிறார். அவருக்கு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எது இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு எக்கோ பார்த்துக்கொண்டால் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம். பார்த்துக்கொள்வது ஒன்றும் கேவலம் இல்லை.

ஆனந்த் அம்மா போன் செய்திருந்தார்கள். தையில் வைக்கலாமா, சித்திரையில் வைக்கலாமா என்று கேட்டார்கள். நான் நெருக்கவில்லை. முதலில் பேப்பர் முடியட்டும் என்றாய், அப்புறம் விசா என்றாய், இப்போது மறுபடியும் பேப்பர் என்கிறாய். நான் கேட்கவே இல்லையே. ஒன்று மட்டும் சொல்கிறேன். இங்கே வந்திருந்தபோது அந்தப் பையன் தன் தட்டைத் தானே கழுவி வைத்தான், உனக்குத் தலைவலி என்றதும் கடைக்கு ஓடினான். பிள்ளைக்காகப் பெண் தேடுகிறவனாக எனக்குத் தெரியவில்லை. அவனிடமாவது பேசு. பிள்ளை இல்லாவிட்டால் என்ன, கமலா சித்தி நன்றாகத்தானே இருக்கிறாள்? ஊர் பேசும்தான். ஊர் எதைத்தான் பேசவில்லை.

ஆனால் என்னிடம் மறைத்தது மட்டும் எனக்கு ஆறவில்லை செல்வி. வெளியாள் யாராவது என்றால் நான் இப்படி எழுதுவேனா? சரி, விடு.

அடுத்த தரம் கொடுத்தால் வலது கையில் கொடு, உனக்கு வலது பக்கம்தான் நரம்பு நன்றாகக் கிடைக்கும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அழுத்திப் பிடி. அஞ்சு நிமிஷம் என்றால் அஞ்சு நிமிஷம், நீ ஒரு நிமிஷத்தில் பஞ்சைத் தூக்கிப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். பொடியில் நல்லெண்ணெய் விட்டுச் சாப்பிடு, வெறும் பிரெட்டைத் தின்றுகொண்டு இருக்காதே.

முத்துவின் மகளை இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஒரு இடத்தில் உட்காராமல் ஓடிக்கொண்டே இருக்கிறாள், மூச்சு வாங்கின மாதிரி எனக்குத் தெரியவில்லை. முத்துவுக்கும் தன் அம்மா ஜன்னியில் போனதாகத்தான் தெரியும். அவனையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய் அந்த மரபணு டெஸ்ட் எடுக்கச் சொல்லட்டுமா, வேண்டாமா? உனக்குத் தெரிந்ததை வைத்துச் சொன்னால் போதும். 'சொல்லுங்கள்' அல்லது 'வேண்டாம்', அதற்குமேல் எழுத வேண்டாம். அப்பா போனுக்கு அனுப்பாதே, கமலா சித்தி நம்பருக்கு அனுப்பு. அவள் படிக்காமல் என்னிடம் காட்டுவாள்.

அன்புடன்,
அம்மா