வெள்ளிக்கிழமைதோறும் கதவைத் திறந்தவர்களுக்கு நன்றி மடல்

எங்கள் கீழத்தெருவின் அன்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஆண்டு ஐப்பசி மழையின்போது என் மகள் டெங்குக் காய்ச்சலால் ஆறு நாள் அரசு மருத்துவமனையில் இருந்தாள். இரத்தத் தட்டணுக்கள் நாளுக்கு நாள் இறங்கிய அந்த வேளையில் கஞ்சி கொண்டுவந்தும் இரவில் துணைக்கு இருந்தும் எங்களைத் தாங்கினீர்கள். ஆனால் அவள் வீடு திரும்பியதோடு விட்டுவிடாமல் இந்த ஆண்டு முழுவதும் நீங்கள் செய்த வேலைக்காகவே இதை எழுதுகிறேன். இந்த மழைக்காலத்தில் நம் தெருவில் ஒருவர்கூட டெங்குவால் படுக்கவில்லை.

புகை மருந்து அடிக்க ஆள் வரவில்லையே என்றுதான் அன்று நாம் ஆதங்கப்பட்டோம். பறக்கும் கொசுவை மட்டுமே புகை கொல்லும் என்றும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நாம் மூடாமல் வைத்திருக்கும் நல்ல தண்ணீரைத் தேடியே முட்டையிட வரும் என்றும், பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் அது பெரும்பாலும் பறப்பதில்லை என்றும் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கியவர் நம் கிராம சுகாதார செவிலியர். பிறகு எங்கள் டிரம்முக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கின. என் மகளைக் கடித்த கொசு என் வீட்டிலேயே பிறந்திருக்கலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. செவிலியர் அம்மாவுக்கு என் முதல் நன்றி.

முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை பாத்திரங்களைக் கழுவிக் காயவைக்க வெள்ளிக்கிழமையைக் குறித்தவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்றே தெரியாத ஊரில், பிடித்துவைத்ததைக் கொட்டச் சொன்னால் யாருக்கு மனம் வரும்? ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். குழுப் பெண்கள் கொட்டச் சொல்லவில்லை. டிரம்மின் வாயில் பழைய வேட்டியை இறுக்கிக் கட்டவும், காலியானதும் உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்க்கவும் வீடு வீடாகச் சொல்லிக்கொடுத்தார்கள். நீர்மட்டத்தை ஒட்டிய முட்டைகள் தண்ணீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் தாங்கும் என்பதால் அந்தத் தேய்ப்பு அவ்வளவு முக்கியம். கொசு மருந்து ஊற்ற வருபவர்களை வாசலோடு அனுப்பிவந்த வீடுகள் (எங்கள் வீடும் அதில் ஒன்று) குழுப் பெண்கள் உடன் வந்த பிறகே கதவைத் திறந்தன.

டயர்களைக் கூரைக்குள் மாற்றிய பஞ்சர் கடைத் தம்பிக்கும், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு வரை எட்டிப் பார்த்த பள்ளிப் பிள்ளைகளுக்கும், தேங்காய்ச் சிரட்டைகளை அள்ளிச் சென்ற தூய்மைக் காவலர்களுக்கும் நன்றி.

மே 1 கிராம சபையில் எழுந்து, தண்ணீர் விடும் நாளை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று தீர்மானம் கேட்ட பெண்களுக்கு நான் எல்லோரையும்விடக் கடன்பட்டிருக்கிறேன். நாள் தெரிந்த பின்புதான் நாம் பத்து டிரம் நிரப்புவதை நிறுத்தினோம். கொசு பிறக்கும் இடமும் அதனால்தான் குறைந்தது.

வரும் வெள்ளிக்கிழமை மேற்குக் கோடி வீட்டு அப்பத்தாவின் தொட்டியைத் தேய்க்க நானும் மகளும் வருகிறோம்.

நன்றியுடன்,
கீழத்தெருவில் வசிக்கும் ஒரு தாய்