சிரூலியன் டியூபில் வேறு நீலம்: பணத்தைத் திருப்பித் தரவும் லேபிளைத் திருத்தவும் கோரும் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்

ஐயா,

கடந்த மார்கழியில் உங்கள் இணையதளத்தில் 40 மி.லி. சிரூலியன் நீல ஆயில் பெயிண்ட் டியூப் இரண்டு வாங்கினேன். ஒன்று 1,850 ரூபாய். லேபிளில் நிறமி எண் பிபி 35, அதாவது அசல் சிரூலியன், என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறீர்கள். உள்ளே இருப்பது தாலோ நீலம் என்ற மலிவான, வீரியம் மிகுந்த வேறொரு நிறமியில் வெள்ளையைக் கலந்த ஏதோ ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் ஸ்பாட்டில் உட்கார்ந்து தீட்டுகிறவன். பத்து வருடமாகத் தரங்கம்பாடிதான் என் இடம். டேனிஷ் கோட்டை அருகே நின்று வடக்கே பார்த்தால், கடல் பாதியைக் கொண்டுபோன மாசிலாமணிநாதர் கோவில், அதற்கு வலப்பக்கம் கடல். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில் அடிவானத்தை ஒட்டி ஒரு வெளிறிய நீலம் வரும். சிரூலியனை விட்டால் அதற்கு வேறு வழியில்லை. அதே சிரூலியனில் கொஞ்சம் சிவப்புக் காவி சேர்த்தால் கோவில் சுவரின் நிழலுக்கான சாம்பல் கிடைக்கும். வெயில் எழும்பி முக்கால் மணி நேரத்தில் அந்த நிழல் நகர்ந்துவிடும். எது எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று பேலட்டில் யோசிக்க அங்கே நேரம் கிடையாது. கை பழக்கத்தில் கலக்கும்.

விடியும் முன் பஸ் ஏறி மூன்று நாள் போனேன். மூன்று நாளும் வானம் பச்சை பாய்ந்து நின்றது. சாம்பலுக்கு வைத்த கலவையில் நீலம் மற்றதையெல்லாம் விழுங்கிவிட்டது. கத்தியால் சுரண்டி மறுபடி கலப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது. மூன்று கேன்வாஸும் வீண்.

வீட்டில் உங்கள் பழைய டியூபின் மிச்சத்தோடு ஒப்பிட்டேன். ஒரு பங்கு நீலத்துக்குப் பத்துப் பங்கு டைட்டானியம் வெள்ளை. பழையது மெல்லிய வான நிறமாக வெளுத்தது. புதியது அப்போதும் அடர்த்தியாகவே நின்றது. பழைய நீலம் டர்பன்டைனில் இரண்டு அலசலில் பிரஷ்ஷை விட்டுப் போய்விடும். புதியதன் கறை இன்னும் மயிரில் இருக்கிறது.

தொலைபேசியில் உங்கள் ஊழியர், "எண்ணெய் பிரிந்திருக்கும், டியூபைப் பிசைந்து பாருங்கள்" என்றார். எண்ணெய் பிரிந்தால் பெயிண்ட் நீர்த்து வழியும், நிறமி மாறாது. சிரூலியனில் கோபால்ட் இருப்பதால்தான் அந்த விலை. அதே அளவு தாலோ நீலத்தை நீங்களே 450 ரூபாய்க்கு விற்கிறீர்கள். மாற்று நிறமி விற்பது தவறில்லை. எத்தனையோ கம்பெனிகள் 'ஹியூ' (அசல் நிறமி அல்ல, அதன் சாயல் மட்டும்) என்று லேபிளில் போட்டு விற்கின்றன, நானும் வாங்கியிருக்கிறேன். போடாமல் விற்றதுதான் என் புகார். ஓவியக் கல்லூரி மாணவர் ஒருவர் இதை வாங்கினால், தனக்குக் கலக்கத் தெரியவில்லை என்றே நினைத்துக்கொள்வார். அது எனக்கு என் கேன்வாஸ்களைவிடப் பெரிய வருத்தம்.

இரண்டு டியூபுக்கான 3,700 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். இந்த பேட்ச்சில் என்ன நிறமி போட்டீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள். கடைகளில் இருக்கும் மீதி டியூப்களின் லேபிளைத் திருத்துங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன்.

பில் நகலும், இரண்டு நீலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் தீட்டிய அட்டையும் இணைத்திருக்கிறேன். பிரிக்காத இரண்டாவது டியூபை உங்கள் பரிசோதனைக்காக அப்படியே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மயிலாடுதுறை