நாள் 43: பாடத்திட்டம் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்காகப் பாடத்திட்டம் தயாரித்து விற்பவர்களுக்கு,

வணக்கம். என் இரண்டு பிள்ளைகளுக்கும் ஐந்து வருடமாக நான்தான் வீட்டில் சொல்லித் தருகிறேன். கணக்குக்கு மட்டும் மூன்று பாடத்திட்டம் மாற்றியாயிற்று. நான்காவதை வாங்குவதற்குள் உங்களிடம் நேராகப் பேசிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

போன வருடம் மகளுக்கு 9 வயது. வழிகாட்டியில் 'நாள் 43: பின்னங்களை ஒப்பிடுதல், 20 நிமிடம்' என்றிருந்தது. மூன்றில் ஒன்றா, நான்கில் ஒன்றா, எது பெரிது என்று கேட்டேன். "நான்கில் ஒன்று. மூணைவிட நாலு பெரிசுதானேம்மா." கீழே உள்ள எண் சிறியதானால் பின்னம் பெரிது என்ற விதியைப் பிள்ளையை மூன்று முறை சொல்ல வைக்கும்படி வழிகாட்டி சொன்னது. சொல்ல வைத்தேன். மறுநாள் ஐந்தில் இரண்டையும் மூன்றில் ஒன்றையும் கொடுத்தால், மூன்றில் ஒன்றுதான் பெரிது என்றாள். விதிப்படி அவள் பேரில் தப்பே இல்லை!

புத்தகத்தை மூடிவிட்டுப் பழைய தாள்களை ஒரே நீளக் கீற்றுகளாக வெட்டினோம். ஒன்றை மூன்றாக மடித்தாள், இன்னொன்றை ஐந்தாக. ஐந்தாக மடிப்பது லேசில்லை. ஓரம் சரியாக வருவதற்குள் நான்கு கீற்று வீணானது. ஐந்தாவதை மடித்துக்கொண்டிருக்கும்போதே, "பங்கு கூடக் கூடத் துண்டு சின்னதாகுது. ஆனா இதுல ரெண்டு துண்டு எடுக்கணும்ல" என்றாள். பின்னம் ஓரளவு பிடிபட ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் உங்கள் அட்டவணை சுவரில் தொங்கிக்கொண்டு என்னை முறைத்தது.

முதலில் கையால் செய்வது, பிறகு படம், கடைசியில் குறியீடு. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களிலேயே பேசிய வரிசை இது. சிங்கப்பூர் கணக்குப் புத்தகங்கள் 1980-களில் இந்த வழியில்தான் போயின. உங்கள் அட்டைகளில் இந்தப் பெயர்களுக்குக் குறைவில்லை. உள்ளே படம் இருக்கிறது, கைக்குத்தான் வேலையில்லை. பொருள்களைக் கையால் தொட்டுக் கற்கும் 'மாண்டிசோரி முறை' என்று போட்டிருந்த ஒரு பெட்டியைத் திறந்தால் வண்ணம் தீட்டும் தாள்கள் மட்டும்!

நீங்கள் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. ஒரு வருடம் வீம்புக்கு எல்லாப் பாடத்தையும் நானே எழுதினேன். வருடக் கடைசியில்தான் தெரிந்தது, வடிவியலை நான் தொடவே இல்லை. எதற்குப் பின் எது என்று தெரிந்தவர்கள் நீங்கள். அதைத்தான் கேட்கிறேன், நாள் கணக்கை அல்ல.

அட்டையில் வகுப்பு எண் போடுகிறீர்கள். என் மகனுக்கு 7 வயது. வாசிப்பில் அக்காவுக்கு ஈடு கொடுப்பான், பென்சிலைத் தொடச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். படித்ததை வாயால் திருப்பிச் சொல்ல வைக்கும், ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசனின் வழி வந்துதான் எங்களைக் காப்பாற்றியது. அவன் எந்த வகுப்பு? அதற்குப் பதிலாக, இந்தப் புத்தகத்தைத் தொடங்கப் பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அட்டையிலேயே போடுங்கள். ஒரே விஷயத்தைச் சில வாரத்துக்கொருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவரும் சுருள் முறையா, ஒன்றை முழுதாக முடித்துவிட்டு நகரும் முறையா, அதையும் சொல்லுங்கள். மகனுக்கு முதலாவது ஒத்துவருகிறது. மகளோ, "பாதியில விட்டுட்டுப் போறாங்க" என்று எரிச்சலாகிறாள். எதை விட்டாலும் அடுத்த பாடம் இடிக்காது என்பதையும் குறித்துவிட்டால் பாதி இரவுகள் நிம்மதியாகத் தூங்குவேன்.

கடைசியாக ஒன்று. மாதிரிப் பக்கம் என்று எப்போதும் முதல் பாடத்தையே காட்டுகிறீர்கள். முதல் பாடம் எல்லாப் புத்தகத்திலும் நன்றாகத்தான் இருக்கும். எனக்கு நீள் வகுத்தலைக் காட்டுங்கள், மீதி வரும் கணக்கோடு. மகள் இப்போது அங்கேதான் நிற்கிறாள்.

இப்படிக்கு,
நான்காவது பாடத்திட்டம் தேடும் ஒரு அம்மா