கொலம்போவின் மனைவியைக் காட்ட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு பதிப்பின் வாசகர் பகுதியில் ஓர் அன்பர், டிவி தொடர்களை ஒட்டி வெளிவரும் துப்பறியும் நாவல்கள் அத்தனையும் காசு பார்க்கும் வேலை என்றும், அவற்றைப் படிக்கிற நேரத்தில் அந்தத் தொடரையே இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்றும் எழுதியிருந்தார். அவர் சொல்வதில் பாதி சரி. ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கதைகள் எங்கே சறுக்குகின்றன, எங்கே தேறுகின்றன என்று கொஞ்சம் நின்று பார்க்கலாமே என்றுதான் எழுதுகிறேன்.

நான் விரும்பிப் பார்த்த தொடரை வைத்தே சொல்கிறேன். அமெரிக்காவின் ‘கொலம்போ’ என்ற துப்பறியும் தொடர். 1968இல் தனிப்படமாக வந்து, 1971இல் தொடராகி, 1978இல் நின்று, 1989இல் மறுபடியும் தொடங்கி, 2003இல் முடிந்தது. மொத்தம் 69 கதைகள். அத்தனையிலும் கொலம்போ என்ற போலீஸ் துப்பறிவாளராக வந்தவர் பீட்டர் ஃபால்க். அண்ணன் கோலாலம்பூரிலிருந்து வாங்கி வந்த டிவிடி தட்டுகள் வழியாகத்தான் அவர் எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

இந்தத் தொடரில் பெரும்பாலும் கொலையாளி யார் என்பது ஆரம்பத்திலேயே நமக்குத் தெரிந்துவிடும். டாக்டர், வக்கீல், இசைக்குழு நடத்துநர், வைன் ஆலை முதலாளி என்று பெரிய இடத்து ஆட்கள். கொலையை முடித்து, தடயத்தை எல்லாம் துடைத்துவிட்டு நிம்மதியாக உட்காரும்போதுதான் கொலம்போ வருவார். கசங்கிய மழைக்கோட்டு, பழைய பியூஜோ 403 கார், கையில் சுருட்டு. குறிப்பு எடுக்கப் பென்சில்கூட அடுத்தவரிடம்தான் கேட்பார்.

நம் மலேசியத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஆளை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது என்று உள்ளே இருப்பவர் நினைத்துக்கொள்வார். நிற்பவருக்கோ அந்த வீட்டின் வரவு செலவு வரை தெரியும். எங்கள் ஊரில் ஆங்கிலம் அவ்வளவாகப் பிடிபடாத பெரியவர்கள்கூட இந்தத் தொடரைக் கண் எடுக்காமல் பார்ப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்தப் பணக்காரக் கொலைகாரர் கொலம்போவை மேலும் கீழுமாகப் பார்க்கும் பார்வை அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அப்புறம், இந்தத் தொடர் மறைத்து வைத்த விஷயங்கள். கொலம்போ எப்போதும் மனைவியைப் பற்றிப் பேசுவார், அந்த அம்மா ஒரு தடவைகூடத் திரைக்கு வந்ததில்லை. கொலம்போவின் முழுப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இவர்தான் கொலையாளி என்று எந்த நிமிடத்தில் அவருக்குத் தெரிந்தது என்பதும் பெரும்பாலும் நமக்குச் சொல்லப்படுவதில்லை. இந்த மூன்றாவதுதான் தொடரின் உயிர் என்பேன். நாமும் கொலையாளியோடு சேர்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, தெரிந்துவிட்டதா இல்லையா என்று தவிக்கிறோம்.

மறைத்து வைத்ததைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1979இலேயே ஒரு பாடம் கிடைத்தது. கொலம்போவை ஒளிபரப்பிய தொலைக்காட்சி நிறுவனமே ‘மிஸஸ் கொலம்போ’ என்று ஒரு தொடரை எடுத்தது. கொலம்போவைப் படைத்த ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் இருவருக்கும் அதில் பங்கில்லை. மனைவியாக நடித்த கேட் மல்க்ரூவுக்கு அப்போது வயது 23. கொலம்போ 1968இலேயே மனைவி புராணம் பாடியவர்! கணக்குப் போட்டால் அன்றைக்கு இந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. பாவம், அந்த நடிகை மீது எந்தக் குறையும் இல்லை. தலைப்பை மாற்றினார்கள், கதையில் வரும் மனைவி விவாகரத்து ஆனவள் என்றார்கள், கடைசியில் கொலம்போ என்ற பெயரையே எடுத்துவிட்டார்கள். 13 வாரக் கதைகளோடு 1980இல் நின்றுபோனது.

புத்தகங்களுக்கு வருவோம். தொடரை ஒட்டிய நாவல்கள் 1972இலிருந்தே வருகின்றன. நம் வாசகர்கள் கையில் அதிகம் கிடைப்பவை 1993 முதல் 1998 வரை வில்லியம் ஹாரிங்டன் எழுதிய ஆறு நாவல்கள். தெலுக் இந்தானில் பழைய புத்தகம் விற்பவரிடம் ஒன்று வாங்கினேன், முதுகில் செலோடேப் ஒட்டி, ஓரங்களில் யாரோ பேனாவால் கோடு போட்டது. முதல் நாவல் அமெரிக்க அதிபர் கென்னடி கொலையைத் தொடுகிறது. இன்னும் மூன்று நாவல்கள் மேன்சன் கொலைக் கும்பல், காணாமல் போன தொழிற்சங்கத் தலைவர் ஹாஃபா, எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர் என்று நிஜ வாழ்க்கைப் பெரும் விவகாரங்களையே தேடிப் போகின்றன. எழுத்தில் வேகம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கொலம்போவின் கதை ஒரு வீடு, ஒரு கொலையாளி, ஒரு சின்னத் தவறு, அவ்வளவுதான். அதன் மேல் அமெரிக்க வரலாற்றையே தூக்கி வைத்தால் அந்த மழைக்கோட்டு மனிதரைத் தேட வேண்டியிருக்கிறது.

எழுத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தொடரில் கொலம்போ விடைபெற்று வாசல் வரை போவார். கேமரா கொலையாளியின் முகத்தில் நிற்கும். தோள் இறங்கும், மூச்சு வெளியே வரும், கை மதுக் கோப்பையைத் தேடும். அப்போதுதான், “இன்னும் ஒரே ஒரு விஷயம், சார்” என்று திரும்பி வருவார். இதையே “கொலம்போ வாசலில் நின்று திரும்பிக் கேட்டார்” என்று எழுதினால் ஒரு வினாடியில் கண் தாண்டிவிடுகிறது. இறங்கிய தோள் எங்கே போயிற்று? ஆக, கதை கொலையாளியின் பக்கம் நின்று நடக்க வேண்டும். அவர் நெஞ்சு அடித்துக்கொள்வதை எழுதலாம், கொலம்போவை வெளியிலிருந்து மட்டும்தான் பார்க்கலாம். “இவர்தான் கொலையாளி என்று கொலம்போவுக்குப் பொறி தட்டியது” என்று எந்த ஆசிரியர் எழுதுகிறாரோ, அவர் அந்த இடத்திலேயே ஆளைக் கொன்றுவிட்டார்.

வில்லியம் லிங்க் 2010இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுப்பை அதனால்தான் அந்த அன்பர் படிக்க வேண்டும் என்கிறேன். கூட்டாளி லெவின்சன் 1987இலேயே இறந்துவிட்டார். லிங்க் தனியாக, தன் முதுமையில், தானே பெற்ற பிள்ளையை மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறார். நாவலைவிடச் சிறுகதைதான் கொலம்போவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஒரு கொலை, ஒரு பிசகு, ஒரு பிடி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கதையே முதலில் டிவியில் பிறக்கவில்லை. லெவின்சனும் லிங்கும் 1960இல் ஒரு மர்மக்கதை இதழுக்கு எழுதிய சிறுகதைதான் விதை. அதில் கொலம்போ கிடையாது. அதே வருடம் அதை டிவி நாடகமாக்கும்போது அவர் வந்து சேர்ந்தார், அப்புறம் மேடைக்குப் போய், பீட்டர் ஃபால்க்கிடம் வந்தார். தொடராக வந்த முதல் கதையைப் பாருங்கள். 1971இல் இளைஞர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கியது. சேர்ந்து மர்ம நாவல் எழுதும் இரண்டு எழுத்தாளர்களில் ஒருவர் மற்றவரைக் கொல்கிறார். ஆரம்பத்தில் சாலையில் கார் வருகிறது, காரின் சத்தமே இல்லை, தட்டச்சு இயந்திரத்தின் சத்தம்தான் காதில் விழுகிறது. எழுதுகிறவர் மேலே அறையில், கொல்ல வருகிறவர் கீழே காரில். கடைசியில் கொலையாளியை மாட்டிவிடுவதும் இறந்தவர் முன்பே குறித்து வைத்திருந்த ஒரு கதைக்கருதான். காகிதத்துக்கும் டிவிக்கும் இருக்கும் உறவை இதைவிட யார் சொல்ல முடியும்?

நம்மிடம் இந்த வழக்கம் ஏன் இல்லை? துப்பறியும் நாவல் நாயகர்களான கணேஷ் வசந்த், பரத் சுசீலா, விவேக் ரூபலா எல்லோரும் பேனாவில் பிறந்தவர்கள், தமிழ்நாட்டிலிருந்து மாத நாவலாக வந்து நம் தோட்டத்து வீடுகளில் கைமாறிக் கைமாறிக் கிழிந்தவர்கள். இப்போது நம் நாட்டுத் தமிழ்த் தொடர்களிலும் போலீஸ் விசாரணைக் கதைகள் வருகின்றன. நம் இன்ஸ்பெக்டர்கள், நம் பேச்சு. கடைசி வாரம் முடிந்ததும் அந்த இன்ஸ்பெக்டர் காற்றில் கரைந்துவிடுகிறார். அவரைச் சிறுகதையில் தொடர்ந்து உயிரோடு வைத்திருக்க ஞாயிறு பதிப்பில் ஒரு பக்கம் போதும். 1950இல் ‘தமிழ் நேசன்’ நாளிதழ் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் இருவரையும் வைத்துக் கதை வகுப்பே நடத்தி, வாசகர்களை எழுத்தாளர்களாக்கிய நாடு இது. தொடர் எடுப்பவர்களிடம் முறையாக அனுமதி வாங்கி, மாதம் ஒரு கதை போட்டுப் பாருங்கள்.

தடயத்துக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமே இல்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஆலைக்குள் நுழையும்போது எடை போட்டுக் கொடுக்கும் சீட்டில் நேரம் அச்சாகியிருக்கும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் யார் நின்றார்கள், யார் நிற்கவில்லை என்பது செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் இருக்கும். வேலைக்கே வராத ஒருவர் பெயரில் சம்பளம் போட்ட கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், அதைக் கண்டுபிடித்த கணக்காய்வாளரைக் கொன்றுவிட்டு ஆலையில் இருந்ததாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடைச் சீட்டையும் செக்ரோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்த ஓர் இன்ஸ்பெக்டர் வந்தால் போதும், கதை நடந்துவிடும். எழுத ஆள் தேவைப்பட்டால் பாகான் டத்தோ வட்டாரத்திலேயே தோட்ட அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்.