யூரோப்பாவைச் சுற்றவில்லை, சந்திக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

யூரோப்பா கிளிப்பர் விண்கலம் வியாழனின் யூரோப்பா நிலவைச் சுற்றிவரும் என்று உங்கள் மாணவர் பக்கத்தில் படித்தேன். அது சுற்றப் போவது வியாழனை. அப்படிச் சுற்றும்போது 49 முறை யூரோப்பாவை நெருங்கிக் கடக்கும். ஒன்பதாவது படிக்கும் என் பேத்தி உங்கள் வரியை அப்படியே நோட்டில் எழுதிவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் கடலூர் பேருந்து நிலையத்தில் 27 ஆண்டுகள் டைம் கீப்பராக இருந்தவன். சிதம்பரம் வண்டி வருவதற்குள் புதுச்சேரி வண்டி கிளம்பிவிட்டால் எத்தனை பேர் தவித்து நிற்பார்கள் என்று பார்த்தவன். அதனாலோ என்னவோ, இந்தக் கலத்தின் நேரக் கணக்கைப் படிக்கப் படிக்க வியப்பு அடங்கவில்லை. யூரோப்பா வியாழனை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ மூன்றரை நாள். கலத்தின் நீள்வட்டச் சுற்றைச் சரியாக அதன் நான்கு மடங்காக, 14 நாளுக்குச் சற்று மேலாக, அமைத்தால் நிலவு நான்கு சுற்று முடிக்கும்போது கலம் ஒரு சுற்றை முடிக்கும். இரண்டும் அதே இடத்தில் மறுபடி சந்திக்கும். அப்புறம், ஒவ்வொரு சந்திப்பிலும் நிலவின் ஈர்ப்பு கலத்தின் பாதையை வளைக்கும். எந்தப் பக்கமாக, எவ்வளவு உயரத்தில் கடந்தால் எவ்வளவு வளையும் என்று முன்பே கணக்குப் போட்டு, அந்த வளைவைக் கொண்டே அடுத்த சந்திப்புக்கு வழி செய்கிறார்கள். எரிபொருள் நிறைய மிச்சம்.

மிக நெருங்கும்போது உயரம் 25 கி.மீ.தான். கிட்டத்தட்ட இங்கிருந்து புதுச்சேரி போகிற தூரம். வியாழனிலிருந்து சமிக்ஞை இங்கே வரவே 35 முதல் 52 நிமிடம் ஆகும் என்பதால், கடக்கிற நேரத்தில் பூமியிலிருந்து யாரும் கலத்தைத் திருப்ப முடியாது. கட்டளைகளை முன்பே ஏற்றியிருக்க வேண்டும். காசினி கலம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. 2008 அக்டோபர் 9 அன்று சனியின் என்செலடஸ் நிலவை 25 கி.மீ. உயரத்தில் கடந்தது. 2015இல் அந்த நிலவு பீய்ச்சும் பனித்துகள்களுக்குள்ளேயே புகுந்து வெளியே வந்தது.

யூரோப்பாவையே சுற்றினால் என்ன தாத்தா என்று பேத்தி கேட்டாள். வியாழனின் கதிர்வீச்சு அங்கே கடுமை. அங்கேயே தங்கினால் மின்னணுக் கருவிகள் சீக்கிரம் கெட்டுவிடும். போய்ப் பார்த்து, விலகி வந்து, தகவலை அனுப்பிவிட்டு மறுபடி போக வேண்டும். 'சுற்றிவரும்' என்று எழுதினால் இந்தக் காரணமே மறைந்துவிடுகிறது.

பூமியின் ஈர்ப்பைக் கொண்டு வேகம் கூட்டிக்கொள்வதற்காகக் கலம் 2026 டிசம்பரில் பூமியருகே வந்து, 2030 ஏப்ரலில் வியாழனை அடைய வேண்டும் என்பது திட்டம். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைப் பக்கத்தில் அந்தப் பாதையைத் தேதிகளோடு படமாகப் போடுங்கள். ஒட்டுவதற்கு நோட்டில் இடம் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற டைம் கீப்பர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.