ஸ்டீயரிங் பாக்ஸை இப்போது மாற்றாதே

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இவ்வளவு காலம் நான் எழுதாமல் இருந்தும் நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது உன் குணம். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் படிப்பை முடித்துவிட்டாள். மேஸ்திரி இன்னமும் ஸ்பேனரை யாரிடமும் கொடுப்பதில்லை. மற்ற செய்திகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். உன் லாரி நேர்சாலையில் நேராகப் போகாமல் அலைகிறது என்றும், ஸ்டீயரிங் பாக்ஸை மாற்றச் சொல்கிறார்கள் என்றும் நீ எழுதியிருப்பதைப் படித்த பிறகு எனக்கு வேறு எதையும் எழுத மனம் ஓடவில்லை.

தயவுசெய்து பாக்ஸில் இப்போது கை வைக்காதே. ஓட்டுநரின் கைக்கும் சாலையைத் தொடும் டயருக்கும் இடையில் ஸ்டீயரிங் தண்டின் யூ ஜாயின்ட், தண்டின் சுழற்சியை நெம்பு அசைவாக மாற்றும் பாக்ஸ், அதில் மாட்டிய பிட்மன் ஆர்ம், அந்த அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிராக் லிங்க், இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு, சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின், வீல் பேரிங் என்று ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது. அதற்கு மேல் முன் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பட்டைகளும் அவற்றைக் கட்டும் யூ போல்ட்டுகளும் இருக்கின்றன. இவற்றில் எது தளர்ந்தாலும் குறை ஸ்டீயரிங்கில்தான் தெரியும். விலை அதிகமான பொருளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்ற பழக்கம் நம் தொழிலில் எப்படி வந்ததோ, எனக்கு அது என்றுமே பிடித்ததில்லை.

முதலில் நீயே வண்டியை எடுத்து ஓட்டிப் பார்த்து, உன் கைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: குறை தளர்ச்சியா, இறுக்கமா? ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகும் வண்டி சிறிது நேரம் சும்மா போய், அப்புறம்தான் திரும்புகிறது என்றால் எங்கோ பிளே, அதாவது தளர்வான இடைவெளி, இருக்கிறது. திருப்பிய உடனே வண்டி திரும்பி, கையைத் தளர்த்தியதும் சக்கரம் தானாக நேருக்கு வராமல் அங்கேயே நின்று, நீ எதிர்ப்பக்கம் இழுத்து அது அளவுக்கு மீறிப் போனால், ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டிலும் வண்டி அலையும்; ஆனால் ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றை மோசமாக்கும். பிளே இருப்பதாக நினைத்து பாக்ஸின் உள் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் குறைக்கும் செக்டார் ஷாஃப்ட் திருகை இறுக்கிவிட்டு, அதன் பிறகு சக்கரம் நேருக்குத் திரும்பாமல் தவிக்கும் வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தத் திருகைத் தொடுவதாக இருந்தால், டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு, பாக்ஸ் நட்டநடுவில் இருக்கும்போதுதான் தொட வேண்டும். இடைவெளி மிகக் குறைவாக இருப்பது நடுவில்தான். ஓரத்தில் வைத்துச் சரிசெய்தால் நடுவில் இறுகிவிடும்.

டயர் காற்றையும், முன் டயர்கள் இரண்டும் ஒரே வகையா, ஒரே தேய்மானமா என்பதையும் பார்த்துவிட்டு, வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்து. சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும், என்ஜின் ஓடட்டும், பார்க்கிங் பிரேக் போட்டிருக்கட்டும், சக்கரங்களுக்குக் கட்டையும் கொடு. தம்பியை மேலே உட்கார வைத்து ஸ்டீயரிங்கை இரு பக்கமும் சிறிது சிறிதாக அசைக்கச் சொல்லிவிட்டு, நீ கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பின் மேலும் விரலை வை. பந்து இணைப்பு ஒன்றில் பந்தோடு சேர்ந்த முளை முதலில் நகர்ந்து, பந்து உட்காரும் கூடு அதற்குப் பின்னால் வருவதைக் கண் தவறவிட்டாலும் விரல் தவறவிடாது. பாக்ஸ் சேஸிஸோடு சேரும் இடத்தை விளக்கடித்துப் பார்: போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட் விரிந்து, செந்நிறத் துரு கோடாக வழிந்திருந்தால் பாக்ஸ் முழுவதுமே அசைகிறது என்று பொருள். முன் யூ போல்ட்டுகளின் அடியில் பட்டை உட்காரும் இடத்தில் பளபளப்பான உரசல் இருந்தாலும் கதை அதுதான். ஆக்ஸில் இடம் மாறுகிறது.

அடுத்து முன் ஆக்ஸிலை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, டயரின் அடியில் கடப்பாரை போட்டு அசைத்துப் பார். ஆட்டம் இருந்தால் தம்பியை பிரேக் மிதிக்கச் சொல். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். அப்படியே டிராக் லிங்கைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பு. எங்கேயும் தடைபடாமல் வர வேண்டும். கிரீஸ் ஏறாமல் துருப்பிடித்த கிங் பின்னோ, கெட்டுப்போன த்ரஸ்ட் பேரிங்கோ கையில் தெரிந்துவிடும்.

இனி உன் வண்டிக்கு வருகிறேன். நீ போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகளை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். சுமை ஏற்றினால் ஓரளவு அடங்குகிறது, காலியாக ஓடும்போதுதான் அலைகிறது என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறாய். பட்டை வேலை முடித்த பிறகுதான் தொடங்கியது என்று, ஏதோ சம்பந்தமில்லாததைப் போல, இன்னோர் இடத்தில் எழுதியிருக்கிறாய். பின்பக்கம் கூடுதல் பட்டை போட்டார்களா? போட்டிருந்தால் வண்டியின் பின்புறம் உயர்ந்து மூக்கு தாழ்ந்திருக்கும். கிங் பின்னின் தலை அந்த அளவுக்கு முன்னால் சாய்ந்து காஸ்டர், அதாவது கிங் பின்னின் தலை பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம், குறைந்திருக்கும். கையை விட்டாலும் சக்கரத்தை நேருக்குக் கொண்டுவருவது காஸ்டர்தானே? பவர் ஸ்டீயரிங் உள்ள கனரக வண்டிகளில் அது பெரும்பாலும் 3 முதல் 5 டிகிரி வரை இருக்கும். முன்பின் ஆக்ஸில்களுக்கு நடுவே 5 மீட்டர் உள்ள வண்டியில் பின்புறம் 50 மில்லிமீட்டர் உயர்ந்தால் அரை டிகிரிக்குச் சற்று அதிகமாகக் குறையும். சுமை ஏறியதும் பின்புறம் இறங்குவதால் காஸ்டர் திரும்பி வருகிறது, வண்டியும் அடங்குகிறது. நீ சொல்வதோடு அச்சாகப் பொருந்துகிறது.

ஆனால் அரை டிகிரி மட்டும் இவ்வளவு அலைக்கழிக்குமா என்பது எனக்குச் சந்தேகம். ஆகவே முன்பக்கப் பட்டையையும் கழற்றினார்களா என்று விசாரி. கழற்றியிருந்தால், பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் சரிவான வெட்ஜ் தகடு இருக்கிறதா, அதன் தடித்த பக்கம் எங்கே இருக்கிறது என்று பார். பட்டை ஆக்ஸிலின் மேல் உட்காரும் உன் வண்டியில், காஸ்டரைக் கூட்டுவதற்காக வைத்த தகடென்றால் தடித்த பக்கம் பின்னால் இருக்க வேண்டும். ஒரு டிகிரித் தகட்டைத் திருப்பி மாட்டிவிட்டால் இருந்த ஒரு டிகிரியும் போய், மேலும் ஒரு டிகிரி கழிந்து, ஆக இரண்டு டிகிரி போய்விடும். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் வண்டி ஒரே பக்கம் இழுக்கும். நீ இழுப்பதாக எழுதவில்லை.

பின் ஆக்ஸிலையும் விட்டுவிடாதே. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது ஒரு பக்கமும் விடும்போது மறு பக்கமும் வண்டி நகர்ந்தால் அந்த ஆக்ஸிலை இடம் மாறாமல் பிடிக்கும் டார்க் ராடுகளின் புஷ்களைப் பார். சக்கரங்களின் கோணத்தை அளந்து சரிசெய்யும் அலைன்மென்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. தளர்ந்த இணைப்புகளை வைத்துக்கொண்டு பிடிக்கும் அளவு அந்த மேடையை விட்டு இறங்கியதுமே மாறிவிடும்.

நண்பா, இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அலைகிற வண்டியை ஓட்டிப் பழகிவிடலாம், கையும் பழகிவிடும். அந்தப் பழக்கத்தைத்தான் நான் அஞ்சுகிறேன். டிராக் லிங்க்கின் பந்து கூட்டை விட்டு வெளியே வந்தால் எந்தக் கையாலும் ஒன்றும் செய்ய முடியாது. எல்லாக் காசல் நட்டிலும் அது கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் இருக்கிறதா என்று பார்த்து, யூ போல்ட்டுகளை அவற்றுக்குரிய டார்க் அளவுக்கு இறுக்கும் வரை சுமை ஏற்றாதே. தம்பியை இரவில் அனுப்பவும் வேண்டாம்.

வெட்ஜ் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை உடனே எழுது. அதுவரை பாக்ஸுக்கு முன்பணம் கொடுக்காதே. அம்மாவுக்கு என் வணக்கம்.

என்றும் உன் நண்பன்