ரயில் நிறுவனத்தின் நோட்டீஸுக்குப் பதில் எழுதாமல் இருந்துவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சட்டக் கேள்வி–பதில் பகுதியில், இங்கிலாந்தில் முதுகலை படிக்கும் தம் மகனுக்கு அங்குள்ள ரயில் நிறுவனம் ஒன்றிலிருந்து பயணச்சீட்டு தொடர்பான நோட்டீஸ் வந்திருப்பதாக ஆத்தூர் வாசகர் ஒருவர் கவலையோடு எழுதியிருந்தார். அது தனியார் நிறுவனத்தின் வெறும் வசூல் கடிதம் என்றும், படிப்பு முடிந்து ஊர் திரும்பிவிட்டால் யாரும் தேடி வரப்போவதில்லை என்றும் அவருக்குப் பதில் தரப்பட்டிருந்தது. அந்தப் பதிலை நம்பிப் பேசாமல் இருந்துவிட்டால், கட்டணத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் அந்தப் பிள்ளையின் பெயரில் குற்றத் தீர்ப்பாக நிற்கக்கூடும்.

சேலம் ரயில்வே கோட்டம் 2007 நவம்பரில் உருவாவதற்கு முன்பே, பாலக்காட்டுக் கோட்டத்தில் இப்பகுதி இருந்த காலத்திலேயே, பயணச்சீட்டுப் பரிசோதனைப் பணியில் சேர்ந்து ஓய்வு பெற்றவன் நான். ரயில்வேக்காரர் என்பதாலேயே சூரமங்கலத்திலும் ஃபேர்லேண்ட்ஸிலும் உள்ள பெற்றோர் சிலர், பிள்ளைகள் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பிய இத்தகைய கடிதங்களை என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அவர்கள் எல்லோருமே நம் ஊர் வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தைப் படிக்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

நம் ஊரில் சேலத்திலிருந்து ஈரோட்டுக்குப் பயணச்சீட்டு இல்லாமல் சென்று டி.டி.ஆரிடம் சிக்கினால், 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி பயணக் கட்டணத்தையும், அதற்குச் சமமான தொகை அல்லது 250 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதையும் செலுத்தி, ரசீது பெற்றுக்கொண்டு பயணத்தைத் தொடரலாம். ஏமாற்றும் எண்ணத்தோடு பயணம் செய்ததற்கு 137ஆம் பிரிவு தனியாக உண்டு. அதற்கு ஆறு மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் பெரும்பாலான நேர்வுகள் 138ஆம் பிரிவோடு அந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. பணம் கட்ட மறுப்பவர்தான் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்தப்படுகிறார். எனவே, பரிசோதகர் அன்றைக்கு ஒன்றும் வசூலிக்காமல் இறக்கிவிட்டுப் போனால், தப்பித்தோம் என்று நினைப்பது நம்மவர்களுக்கு இயல்பு.

இங்கிலாந்தில் அப்படி வசூலிக்காமல் விடுவதுதான் அதிகக் கவலைக்குரியது. நம் 138ஆம் பிரிவுக்கு ஒப்பான அபராதக் கட்டணம் அங்கும் உண்டு: 2023 ஜனவரி முதல் ஒருவழிப் பயணக் கட்டணத்தோடு 100 பவுண்டு; 21 நாள்களுக்குள் செலுத்தினால் அந்த 100 என்பது 50 ஆகிவிடும். அதைக் கட்டினால் குற்றத் தீர்ப்பு எதுவும் இல்லை. ஆனால் பரிசோதகர் அந்த அபராதக் கட்டணத்துக்கான சீட்டைக் கொடுக்காமல், பெயர், முகவரி, பயணியின் விளக்கம் ஆகியவற்றை மட்டும் எழுதிக்கொண்டு போயிருந்தால், விவரங்கள் நிறுவனத்தின் வழக்குப் பிரிவுக்குச் சென்றிருக்கின்றன என்று கொள்ள வேண்டும். அங்கு இரு வழிகளில் வழக்குத் தொடரலாம். 1889ஆம் ஆண்டு ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, கட்டணத்தைத் தவிர்க்கும் எண்ணம் இருந்ததாக நிரூபித்தால், 1,000 பவுண்டு வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்க முடியும். ரயில்வே துணைவிதி 18இன்படி எண்ணத்தை நிரூபிக்கத் தேவையே இல்லை; செல்லத்தக்க சீட்டு இல்லாமல் பயணம் செய்தது போதும்; அபராத உச்சவரம்பு அதற்கும் 1,000 பவுண்டுதான். (அந்த 1889 சட்டத்துக்கு மறு ஆண்டே நமக்கு 1890ஆம் ஆண்டு இந்திய ரயில்வே சட்டம் வந்தது. நாம் நம்முடையதை 1989இல் மாற்றிக்கொண்டோம். அவர்கள் இன்னும் பழையதை வைத்துத்தான் வழக்குப் போடுகிறார்கள்.)

ஆகவே, "உங்கள் மீது வழக்குத் தொடர்வது பரிசீலனையில் உள்ளது, நீங்கள் சொல்ல விரும்புவதைக் குறிப்பிட்ட நாளுக்குள் எழுதுங்கள்" என்கிற முதற்கடிதம்தான் மிக முக்கியமானது. வழக்கு தொடுப்பதற்கு முன் நிறுவனம் பயணியின் பேச்சைக் கேட்கத் தயாராக இருக்கும் கட்டம் அதுவே. பதில் சுருக்கமாகவும் பணிவாகவும் உண்மையாகவும் இருக்க வேண்டும்: கடிதத்தின் குறிப்பு எண், பயணத் தேதி, நடந்தது என்ன, அதற்கான வருத்தம், செலுத்தாத கட்டணத்தையும் நிறுவனத்துக்கு ஏற்பட்ட செலவையும் செலுத்தி நீதிமன்றத்துக்கு வெளியே முடித்துக்கொள்ள விருப்பம், குற்றத் தீர்ப்பு வந்தால் படிப்புக்கோ வேலைக்கோ விசாவுக்கோ நேரக்கூடிய பாதிப்பு ஆகியவை போதும். பரிசோதகரைக் குறை கூறும் வரி ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது. கட்டணச் சலுகை அட்டை (ரயில்கார்டு) செல்லுபடியாக இருந்தும் அன்று காட்ட முடியாமல் போயிருந்தால், அதன் நகலை இணைக்க வேண்டும். முதல் தடவை என்று எழுதுவதற்கு முன் அது உண்மைதானா என்று பிள்ளையிடம் உறுதி செய்துகொள்வது நல்லது. செயலி வழியாக வாங்கிய பழைய சீட்டுகளின் பட்டியலை நிறுவனங்கள் பார்க்கின்றன, இடையில் ஒரு பகுதிக்குச் சீட்டே இல்லாமல் இரு முனைகளுக்கும் மட்டும் வாங்கும் தந்திரம் அந்தப் பட்டியலில் தெளிவாகத் தெரிந்துவிடுகிறது. அப்படி இருந்தால் பழைய பயணங்களுக்கும் சேர்த்துத்தான் தொகை கேட்பார்கள்.

இப்படி நீதிமன்றத்துக்கு வெளியே முடித்துக்கொள்ளும் சமரசம் பயணியின் உரிமை அன்று என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். நிறுவனம் விரும்பினால் ஏற்கும், விரும்பாவிட்டால் மறுக்கும். ஏற்றுக்கொண்டால் எழுத்தில் பெற்று, கேட்ட தொகையைக் கேட்ட தேதிக்குள் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். அத்தொகை நீதிமன்ற அபராதம் ஆகாது, தீர்ப்பும் இல்லை. எங்கள் ஊரில் சில முகவர்கள் ஆயத்தக் கடிதம் ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பதாகக் கேள்விப்படுகிறேன். தினமும் கடிதங்களைப் படிக்கும் வழக்குப் பிரிவு அலுவலருக்கு அது தெரியாமலா போகும்?

முதற்கடிதத்துக்குப் பதில் போகாவிட்டால், அடுத்து நீதிமன்ற ஆவணமே வரும். ஒரே ஒரு நடுவர் கோப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யும் தனிநடுவர் முறை அங்கு உண்டு. அந்த முறையில் வரும் நோட்டீஸுக்கு 21 நாள்களுக்குள் குற்றத்தை ஏற்பதா மறுப்பதா என்று தெரிவிக்க வேண்டும். அந்த நிலையிலும் நிறுவனத்தோடு சமரசம் பேசலாம், ஆனால் பேச்சு நடக்கிறது என்பதற்காக நீதிமன்றத்தின் கெடுவைத் தவறவிடக் கூடாது. 1889ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான வழக்குகளை இந்தத் தனிநடுவர் முறையில் நடத்தியது செல்லாது என்று 2024 ஆகஸ்டில் தலைமை நடுவர் தீர்ப்பளித்ததால், சுமார் 74,000 வழக்குகள் கேள்விக்குள்ளாயின. இதைச் சொல்லிச் சிலர் இனி வழக்கே வராது என்கிறார்கள், அது தவறு. தவறாக இருந்தது நடத்திய முறைதான். சட்டமும் துணைவிதியும் அப்படியே இருக்கின்றன.

மாணவர்கள் வாடகை அறையை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள். பரிசோதகரிடம் கொடுத்த பழைய முகவரிக்குக் கடிதம் போய், யாரும் பிரிக்காமல் கிடந்து, மாணவர் இல்லாமலே தீர்ப்பாகிவிடுவதும் உண்டு. வழக்கே தெரியாமல் இருந்தவர், தெரிந்த நாளிலிருந்து 21 நாள்களுக்குள் அதைப் பிரமாண வாக்குமூலமாகக் கொடுத்தால், அத்தீர்ப்பு நீங்கி வழக்கு மீண்டும் தொடக்கத்துக்கு வரும். அப்போது சமரசத்துக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

அங்குள்ள கட்டண விதிகள் சிக்கலானவை என்பதை நான் மறுக்கவில்லை. 16 முதல் 25 வயதுக்குரிய சலுகை அட்டையில், வார நாள்களில் அதிகாலை 4.30 முதல் காலை 10 மணி வரை குறைந்தபட்சக் கட்டணம் 12 பவுண்டு என்ற விதி உண்டு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மட்டும் அது இல்லை. இதை எத்தனை மாணவர்கள் அறிவார்கள்? ஒரே மாதிரியான தவறுக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் நடவடிக்கை வேறுபடுவதை அந்நாட்டு ரயில் ஒழுங்குமுறை அமைப்பே 2025 ஜூனில் வெளியிட்ட ஆய்வில் சுட்டிக்காட்டியது. விதி தெரியாமல் தவறியவர் அதையே பதிலில் எழுதலாம்; பதில் எழுதாதவருக்கு அந்த நியாயத்தைச் சொல்ல இடமே இல்லாமல் போகிறது.

ஆத்தூர் வாசகருக்குத் தந்த பதிலைத் தங்கள் அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு வேண்டுகிறேன். அதுவரை காத்திராமல், கடிதத்தில் அச்சிட்டுள்ள பதில் தேதியை அவர் இன்றே மகனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். நாள் கடந்திருந்தாலும் நீதிமன்ற ஆவணம் வராதவரை பதில் அனுப்பலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பயணச்சீட்டுப் பரிசோதகர்,
சூரமங்கலம், சேலம்.